பத்து நிமிடம் அடிக்காத மணி

பேய், ஆவி என்று யாராவது பேச்சை எடுத்தால் டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போகிற ஆள் நான். டி.வி., ரேடியோ பழுது பார்க்கிறவன். எந்தக் கோளாறுக்கும் ஒரு ஒயர் இருக்கும், அதைப் பிடித்துக்கொண்டே போனால் எங்கே பிழை என்று தெரிந்துவிடும், இவ்வளவுதான் எனக்குத் தெரிந்த உலகம். ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போவேன், அதோடு சரி. இந்த மாதிரிக் கதையெல்லாம் நடுராத்திரியில் நடந்ததாகத்தான் சொல்வார்கள். எனக்கு நடந்தது சாயங்காலம் நாலு மணிக்கு, நல்ல வெயிலில், விருந்து முடிந்து பிரியாணி அண்டா கழுவாமல் கிடந்த நேரத்தில். நீங்கள் சிரிப்பதென்றால் சிரித்துக்கொள்ளுங்கள், ஆனால் முழுக்கக் கேட்டுவிட்டுச் சிரியுங்கள்.

இரண்டாயிரம் பிறந்து இரண்டு மூன்று வருடம் ஆகியிருக்கும். திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் எனக்கும் கணேசனுக்கும் சேர்த்து ஒரு கடை. கணேசன் சின்னாளபட்டி நெசவுக் குடும்பத்துப் பையன், என்னைவிடக் கெட்டிக்கார மெக்கானிக், என்னைவிடப் பெரிய நாத்திகன். ஒரு ஆபீசில் வேண்டாமென்று ஒதுக்கிய பழைய கம்ப்யூட்டர் ஒன்று எங்களிடம் வந்தது. அதை வீட்டுக்குக் கொண்டுபோனேன். பிரிண்டர் மாட்டுகிற இடத்திலிருந்து ஒயர் இழுத்து, ஒரு பழைய டிபன் டப்பாவுக்குள் நாலு ரிலே வைத்தேன். ரிலே என்றால் வேறொன்றுமில்லை, கம்ப்யூட்டர் சொன்னால் தானாகப் போட்டு அணைக்கிற சின்ன சுவிட்ச். சாயங்காலம் ஆறு மணிக்கு வாசல் விளக்கு தானாக எரியும். தொட்டி நிறைந்தால் மோட்டார் நிற்கும். சாமி படத்துக்கு முன்னால் இருக்கிற சிவப்பு பல்பு விடியற்காலையில் எரிந்து ஜெபத்துக்கு எழுப்பும். தெருவில் பாதிப் பேர் வந்து வேடிக்கை பார்த்தார்கள், எனக்கும் தலைகால் புரியவில்லை.

நாலாவது ரிலே அப்பாவுக்கு. அப்பா சாணார்பட்டிப் பக்கம் கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். பக்கவாதம் வந்து வலது பக்கம் விழுந்துவிட்டது, பேச்சும் சுத்தமாகப் போய்விட்டது, எழுதவும் வராது. இடது கை மட்டும் மிச்சம். கட்டிலோரம் அந்தக் கைக்கு எட்டுகிற மாதிரி ஒரு பெல் சுவிட்சைக் கட்டிவிட்டேன். அமுக்கினால் சமையல்கட்டில் ஒரு மணியும் வாசலில் ஒரு மணியும் அடிக்கும். அப்போது எல்லார் வீட்டிலும் இருந்த குருவி கத்துகிற மணிதான்.

அப்பாவுக்குப் பொறுமை கிடையாது. தண்ணீருக்கு ஒரு தடவை அமுக்கினால் போதாது, அம்மா வந்து முகத்தைக் காட்டுகிறவரை குருவி கத்திக்கொண்டே இருக்கும். அம்மாவுக்கு அப்போதே முழங்கால் வீங்கியிருக்கும். "வாரேன், வாரேன்" என்று ஈரக் கையோடு சுவரைப் பிடித்துக்கொண்டு ஓடுவார். ஒரு நாளும் அலுத்துக்கொண்டதில்லை. எனக்குத்தான் பார்க்கப் பொறுக்கவில்லை.

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. சுவிட்சை ஒரு தடவை அமுக்கினாலும் உள்ளே தகடு துள்ளி நாலைந்து தடவை அமுக்கின மாதிரி காட்டும். அதனால் முதல் தடவையை எடுத்துக்கொண்டு, அடுத்த கண் இமைக்கும் நேரத்துக்கு வருவதைக் கண்டுகொள்ளாதே என்று கம்ப்யூட்டருக்கு ஒரு வரி எழுதி வைப்போம். அந்தக் கண் இமைக்கும் நேரத்தை நான் பத்து நிமிடமாக மாற்றினேன். ஒரு தடவை அடித்துவிட்டால், அடுத்த பத்து நிமிடத்துக்கு எத்தனை தடவை அமுக்கினாலும் மணி அடிக்காது. ஒரு வரிதான். ஒரு எண்தான்.

அது ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. அம்மா பூசைக்குப் போயிருந்தார். எனக்கு அப்போது கல்யாணம் ஆகவில்லை, வீட்டில் நானும் அப்பாவும் மட்டும். கட்டிலில் உட்கார்ந்து அவரிடம் சொன்னேன்.

"ஒரு தடவ அமுக்குனாப் போதும்ப்பா. சும்மா சும்மா அமுக்குனா அடிக்காது."

அப்பா சுவிட்சிலிருந்து பெருவிரலை எடுத்துக்கொண்டு சுவர்ப் பக்கம் பார்க்க ஆரம்பித்தார்.

அம்மாவிடம் இதைச் சொல்லவில்லை. சொன்னால் எடுக்கச் சொல்வார் என்று தெரியும். ஒரு வாரம் கழித்து அம்மாவே சொன்னார், "அருளு, அப்பா இப்பல்லாம் ரொம்பப் பொறுமையாயிட்டாருய்யா. ஒரு தடவ கூப்ட்டுட்டுக் கம்முனு இருக்காரு." நான் சோற்றைப் பிசைந்துகொண்டே தலையாட்டினேன்.

இரண்டு மாதம் போனது. ஒன்பது நாளாக வராத தண்ணீர் தெருக்குழாயில் வந்த ஒரு சாயங்காலம், நாலு மணி சுமாருக்கு அப்பா ஒரு தடவை மணி அடித்திருக்கிறார். அம்மா போய்த் தண்ணீர் கொடுத்து, தலையணையைச் சரிசெய்துவிட்டு, குடங்களைத் தூக்கிக்கொண்டு குழாய்க்குப் போயிருக்கிறார். வாசலில்தான் மணி இருக்கிறதே, அடித்தால் கேட்கும் என்ற தைரியம். கடைசிக் குடத்தோடு உள்ளே வந்தபோது அப்பாவுக்கு மூச்சு இல்லை. கடையிலிருந்து நான் ஓடி வந்து பார்க்கும்போதும் இடது பெருவிரல் சுவிட்சின் மேல்தான் இருந்தது.

துக்கத்துக்கு வந்த எல்லாரிடமும் அம்மா ஒன்றையே சொன்னார். "ஒரு சத்தம் இல்ல. கூப்ட்டிருந்தா ஓடி வந்திருப்பேன்ல. மணி அடிக்கவே இல்லையே. தூங்குறப்பவே ஆண்டவர் கூப்ட்டுக்கிட்டாரு." அதைச் சொல்லிச் சொல்லித்தான் அம்மா தேறினார். அந்தப் பத்து நிமிடத்துக்குள் அப்பா கூப்பிட்டாரா இல்லையா என்று யாருக்கும் தெரியாது. கம்ப்யூட்டருக்கும் தெரியாது. பார்க்காதே என்று அதற்குச் சொல்லி வைத்ததே நான்தான். ராத்திரி பகல் என்னைத் தின்றது இது ஒன்றுதான்.

அடக்கம் முடிந்த மறுநாளே சுவிட்சை வெட்டி எடுத்தேன். ஒயர் முனையில் டேப் சுற்றினேன். மெக்கானிக் புத்தி, இரண்டு தடவை டக் டக்கென்று அமுக்கிப் பார்த்து, நன்றாக இருக்கிறது என்று மேஜை டிராயரில் போட்டேன். கட்டிலையும் யாருக்கோ கொடுத்துவிட்டோம். மோட்டாருக்கும் விளக்குக்கும் கம்ப்யூட்டர் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

முப்பதாம் நாள் காலையில் பூசை, மத்தியானம் சாப்பாடு. மூன்றரைக்கெல்லாம் சொந்தக்காரர்கள் கிளம்பிவிட்டார்கள். அம்மா சமையல்கட்டில் மிச்சமான வாழை இலைகளைக் கட்டிக்கொண்டிருந்தார். நானும் கணேசனும் வாசல் நடையில் வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தோம். குருவி கத்தியது.

"வாரேன், வாரேன்" என்றபடி அம்மா தண்ணீர்ச் செம்போடு எழுந்து நடந்தே விட்டார். பாதி வழியில்தான் அவருக்கு நினைவு வந்தது. அப்படியே நின்றார்.

கணேசன் சாவதானமாக, "ரிலே ஒட்டிக்கிருச்சு போல" என்றான். ஒட்டியிருந்தால் ஒரே இழுப்பாகக் கத்த வேண்டும். இது ஒரு கத்தல், நிறுத்தம், மறுபடி ஒரு கத்தல். ஒருவர் அமுக்கி, விரலை எடுத்து, மறுபடி அமுக்குகிற மாதிரி. நான் கம்ப்யூட்டரிடம் ஓடினேன். நான் எழுதிய வரி அப்படியே இருந்தது, பத்து நிமிடம் பத்து நிமிடமாகவே இருந்தது. முதல் தடவை ஏதோ கோளாறில் அடித்தது என்றாலும் இரண்டாவது தடவை அடிக்க வழியே கிடையாது. டேப் சுற்றிய ஒயர் சுவரோரம் சும்மா தொங்கியது. குருவி விடாமல் கத்தியது. எனக்குப் பயம் வந்துவிட்டது, இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

அம்மா பயப்படவில்லை. கட்டில் கிடந்த வெற்றிடத்தில் போய்ச் செம்போடு தரையில் உட்கார்ந்தார். "வந்துட்டேன்ல. இங்கனதான் இருக்கேன். இனி எங்கயும் போகல" என்றார்.

மணி நின்றது.

கணேசன் டிபன் டப்பாவைத் திறந்து ஒவ்வொரு ரிலேவாகச் சோதித்தான். எல்லாம் சுத்தமாக இருந்தன. மூடிவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு போனான். அதற்கப்புறம் கடையில் எவ்வளவோ கிண்டல் பேசியிருக்கிறான், இதைப் பற்றி மட்டும் ஒரு நாளும் வாய் திறந்ததில்லை. நான் டிராயரைத் திறந்து பார்த்தேன். சுவிட்ச் உள்ளே அழுந்திக் கிடந்தது, எவ்வளவு தட்டியும் மேலே வரவில்லை. துரு என்று சொல்லலாம். நானும் அப்படித்தான் சொல்லிக்கொண்டேன்.

அம்மா எழுந்திருக்காமலே என்னைக் கூப்பிட்டார். "ஏலே அருளு, அன்னைக்கும் இப்படித்தான் அடிச்சிருப்பாரோ? எனக்குத்தான் கேக்கலையோ?"

"இல்லம்மா. அன்னைக்கு மணி அடிக்கல" என்றேன்.

அதில் ஒரு எழுத்துகூடப் பொய் கிடையாது. என் வாழ்க்கையில் அதைவிடப் பெரிய பொய்யும் சொன்னதில்லை. அன்றைக்கே கம்ப்யூட்டரைப் பிடுங்கிப் போட்டுவிட்டேன்.

இதெல்லாம் நடந்து வருடங்கள் ஆகிவிட்டன. நோயாளி இருக்கிற எத்தனையோ வீடுகளுக்கு மணி கட்டிக் கொடுத்திருக்கிறேன். விடாமல் அடிக்கிறது, தூங்க முடியவில்லை என்று யாராவது வந்து சொன்னால், அடிக்கட்டும் விடுங்கள் என்று சொல்லி அனுப்பிவிடுவேன். இப்போது அம்மாவுக்கு எண்பதைத் தாண்டிவிட்டது, முழங்கால் போய்விட்டது. அதே அறையில்தான் கட்டில். அவர் கைக்குப் பக்கத்திலும் ஒரு சுவிட்ச். கம்ப்யூட்டரும் கிடையாது ஒன்றும் கிடையாது, சுவிட்சிலிருந்து நேரே மணிக்கு ஒயர். எத்தனை தடவை அமுக்கினாலும் அத்தனை தடவையும் அடிக்கும். ஆனால் அம்மா ஒரு தடவைக்கு மேல் அமுக்கவே மாட்டார்.

போன மாதம் கட்டிலிலிருந்து சரிந்துவிட்டார். கையில் சுவிட்ச் இருந்தும் ஒரு தடவைதான் அமுக்கியிருக்கிறார். மோட்டார் சத்தத்தில் எனக்குக் கேட்கவில்லை. அரை மணி நேரம் கழித்துத் தற்செயலாகத்தான் போய்ப் பார்த்தேன். தூக்கி உட்காரவைத்தபோது எனக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தது. "ஏம்மா, திரும்பத் திரும்ப அமுக்குனா என்னம்மா?" என்று சத்தம் போட்டேன்.

அம்மா முந்தானையால் என் முகத்தைத் துடைத்துவிட்டார்.

"ஒரு தடவ அமுக்குனாப் போதும்ப்பா" என்றார். "சும்மா சும்மா அமுக்குனா அடிக்காது."

அதை நான் சொன்னது ஒரே ஒரு தடவை, ஒரே ஒருவரிடம். அன்றைக்கு அம்மா பூசையில் இருந்தார். அப்பாவுக்குப் பேச்சு கிடையாது.