ஈயத்துக்குள் இன்சூரன்ஸ்

போன புதன்கிழமை ஒரு போலீஸ்காரர் என் மகனுடைய லைசன்ஸைக் காதருகே வைத்து ஆட்டிப் பார்த்தார். ஏன் என்று கேட்கிறீர்களா? சொல்கிறேன். நிதானமாகக் கேளுங்கள்.

எங்கள் மலையில் மழை சொல்லிக்கொண்டா வருகிறது? மாணிக்கத்தின் பழைய லைசன்ஸ் சட்டைப் பையிலேயே கூழாகிவிட்டது. புதியது வந்ததும் நான் யோசித்தேன். தேயிலைப் பெட்டிக்குள் ஈயத்தாள் போட்டு, விளிம்பைப் பற்றவைத்து அடைக்கிறார்கள். தூள் கடல் தாண்டிச் சீமைக்கே ஈரம் படாமல் போகிறது. ஒரு லைசன்ஸ் பக்கத்து டவுன் தலவாக்கலை வரை போகாதா?

ஃபேக்டரியில் பெட்டி அடைக்கிற அந்தோணியிடம் கொடுத்தேன். லைசன்ஸ், இன்சூரன்ஸ் இரண்டையும் ஈயத்தாளில் வைத்து நாலு பக்கமும் பற்றவைத்துத் தந்தார். எறும்பு நுழையாது!

அந்தப் புதன்கிழமை மாணிக்கத்துக்குப் பெண் பார்க்கக் கிளம்பினோம். பன்னிரண்டு மணிக்கு ராகு காலம். அதற்குள் போய்ச் சேர வேண்டும். பெண்ணின் அப்பாவோ, "மோட்டார் சைக்கிள்ல தலைதெறிக்கப் போற பயலுக்கு எம்பொண்ணு இல்ல" என்று தரகரிடம் சொல்லியிருந்தவர். மாணிக்கத்தின் மோட்டார் சைக்கிளில் நான் தாம்பாளத்தோடு பின்னால் உட்கார்ந்திருந்தேன்.

தலவாக்கலைக்குக் கொஞ்சம் முன்னால் போலீஸ்காரர்கள் மறித்தார்கள். மாணிக்கம் பொட்டலத்தை நீட்டினான். அப்போதுதான் ராலாமி, எங்கள் பக்கம் போலீஸ்காரரை அப்படித்தான் கூப்பிடுவோம், அதைக் காதருகே ஆட்டிப் பார்த்தார்.

"இது என்ன, அம்மே?"

"லைசன்ஸ்தாங்க ராலாமி. உள்ள இருக்கு."

"தொறங்க."

"தொறந்தா தண்ணி உள்ள போயிருமேங்க!"

"அம்மா, சும்மா இரும்மா..." மாணிக்கம் பல்லைக் கடித்தான்.

பக்கத்துத் தகரக் கடைக்காரர் கத்தரியால் வெட்டித் திறந்தார். காகிதம் அப்பளம் போல மொடமொடவென்று இருந்தது. நான் ராலாமியை நிமிர்ந்து பார்த்தேன் — எப்படி?

அவர் தேதியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்சூரன்ஸ் போன மாசமே முடிஞ்சிருச்சே!"

ஈயத்துக்குள் தேதியை யார் கண்டது?

தாம்பாளத்தைப் பார்த்து மனசு இளகி, அபராதம் எழுதாமல் விட்டார். ஆனால் ஒரு கட்டளை போட்டார். "ஓட்டக் கூடாது. தள்ளிக்கிட்டுப் போங்க."

மாணிக்கம் தள்ளினான். நான் இறங்கவில்லை. சம்பந்தம் பேசப் போகிற மாமியார் நடந்தா போவாள்?

பதினொன்றே முக்காலுக்குச் சேர்ந்தோம். பெண்ணின் அப்பா, நாங்கள் வளைவு திரும்பியதிலிருந்தே வாசலில் நின்று பார்த்திருக்கிறார்.

"இம்புட்டு நிதானமா வண்டி கொண்டாற புள்ளைய நான் பாத்ததே இல்லீங்க!" என்றார்.

மாணிக்கத்துக்கு மூச்சு வாங்கியதில் பேச்சே வரவில்லை. அடக்கமான பையன் என்று முடிவு செய்துவிட்டார்கள். சம்பந்தம் முடிந்தது.

காகிதத்தை எதில் வேண்டுமானாலும் அடையுங்கள். அடைக்கும் முன் தேதியை மட்டும் யாரையாவது உரக்கப் படிக்கச் சொல்லிக் காதில் போட்டுக்கொள்ளுங்கள்... எல்லாப் பையனுக்கும் மாணிக்கம் மாதிரி தள்ளத் தெம்பிருக்காது.