எடை குறைந்தால் தேதி

என் தம்பிக்கு இரண்டு சிறுநீரகமும் போய்விட்டது. வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸ். என்னுடையதில் ஒன்றை அவனுக்குக் கொடுக்கலாம், எல்லாம் பொருந்துகிறது என்று மருத்துவமனையில் சொன்னபோது எனக்குத் தலைகால் புரியவில்லை. பக்கத்தில் அம்மாவும் உட்கார்ந்திருந்தார். டாக்டர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"வெயிட் ரொம்ப அதிகம்மா. இப்படியே ஆபரேஷன் செஞ்சா உங்களுக்குத்தான் ஆபத்து. கொறைச்சிட்டு வாங்க, தேதி குடுக்கிறேன்."

இது என்ன பெரிய விஷயம் என்றுதான் நினைத்தேன். என் பிழைப்பை யோசித்துப் பார்த்தபோதுதான் அது எவ்வளவு கஷ்டம் என்று புரிந்தது. விடியுமுன் காரில் ஏறினால் ஜோகூர் பாரு சாலை நெரிசலில் ஒரு கை ஸ்டியரிங், மறு கை தேங்காய்ப்பால் சோறான நாசி லெமாக் பொட்டலம். தொழிற்சாலை அலுவலகத்தில் நாள் முழுக்க நாற்காலி. யாருக்காவது பிறந்தநாள் என்றால் கேக், இல்லையென்றால் கோரேங் பீசாங் என்கிற எண்ணெயில் பொரித்த வாழைப்பழம். திரும்பும்போது மறுபடி நெரிசல், அகோரப் பசி, மாமாக் சாப்பாட்டுக் கடையில் பரோட்டா மாதிரி எண்ணெய் மின்னும் ரொட்டி சானாய். எங்கள் வீட்டுக்கு எதிரிலேயே மளிகைக் கடை இருக்கிறது. நடுவில் பெரிய சாலை, நடைபாதை கிடையாது. உப்பு வாங்கக்கூடக் காரில் போய் வளைந்து வர வேண்டும். இந்த ஊரில் நடந்து போகிறவளை நாய்கூட ஒரு மாதிரியாகத்தான் பார்க்கும்.

பரவாயில்லை என்று துணிந்தேன். நாசி லெமாக்கை விட்டேன். மதியம் கார் நிறுத்துமிடத்தைச் சுற்றிச் சுற்றி நடந்தேன். "அலமாக்! காரைத் தொலைச்சிட்டியா?" என்று அலுவலகத்தில் கிண்டல் அடித்தார்கள்.

ஆனால் வீட்டுக்கு வந்தால் அம்மா. ஒரு நாள் ஆட்டுக்கால் சூப், ஒரு நாள் நெய்ச்சோறு, வறுத்த கோழி. "கிட்னி குடுக்கப்போற உடம்பு, தெம்பு வேணாமா?" என்பார். வேண்டாம் என்றால் முகம் தொங்கிப்போகும். சமைத்தவரை அழவைத்துவிட்டு எப்படி எழுந்திருப்பது? சாப்பிட்டேன். அதே மேசையில் தம்பி உப்பில்லாமல் வேகவைத்த காயைத் தின்றுகொண்டு, தண்ணீரை மிடறு மிடறாக அளந்து குடிப்பான்.

"எறங்குச்சாக்கா?" என்று தினமும் கேட்பான். பிறகு கேட்பதை விட்டுவிட்டான்.

அடுத்த முறை மருத்துவமனைக்குத் தம்பியும் நானும் போனோம். எடை கூடியிருந்தது. டாக்டர் தேதியைப் பற்றிப் பேசவே இல்லை. திரும்பும் வழியில் காரில் தம்பி, "பரவால்லக்கா, அவசரம் இல்ல லா" என்றான். அவன் கால் வீங்கிச் செருப்புக்குள் பிதுங்கிக்கொண்டிருந்தது. எனக்கு என் மேலேயே பற்றிக்கொண்டு வந்தது.

தம்பியை வாசலில் விட்டுவிட்டு நான் முதலில் உள்ளே போனேன். மேசையில் நெய்ச்சோறு. இலையில் மூடிய கோழி வேறு.

"என்னம்மா இது, தீபாவளிக்கு ஆடு வளக்கிற மாதிரி என்னைக் கொழுக்க வெக்கிறீங்க!" என்று கத்தினேன். "டாக்டர் சொன்னப்ப நீங்களுந்தானே அங்க இருந்தீங்க? காதுல விழல?"

அம்மா கரண்டியை வைத்தார்.

"விழுந்துச்சு. ஆடு கொழுத்தாத்தான் அறுப்பாங்க. நீ எளச்சாத்தான் அறுப்பாங்க."



"ஒரு புள்ள பாதி போயிருச்சு. நல்லா இருக்கிற ஒண்ணையும் எப்படிடி நான் மேசையில படுக்க வெப்பேன்?"

திரும்பிப் பார்த்தேன். தம்பி வாசலில் குனிந்து செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தான். வீங்கிய காலிலிருந்து அது கழல மறுத்தது. எல்லாவற்றையும் கேட்டிருந்தான். நிமிரவே இல்லை.

எனக்குக் கோபம் போய் அழுகை வந்தது. அழுதுகொண்டே உட்கார்ந்து நெய்ச்சோற்றைத் தள்ளிவைத்தேன்.

"அம்மா, அவனுக்கு வேகவெச்சதையே எனக்கும் வைங்க."

 அம்மா சட்டியில் மிச்சமிருந்த காயை வழித்து என் தட்டில் போட்டார். உப்பே இல்லை. தம்பி வந்து எதிரில் உட்கார்ந்தான்.

"எப்படிக்கா இருக்கு?"

"கண்றாவியா இருக்குடா" என்றேன்.

பல நாள் கழித்து அன்றுதான் அவன் சிரித்தான். அம்மா நெய்ச்சோற்றை எடுத்துக்கொண்டு சமையலறைக்குள் போய்விட்டார்.