போர்ட்டிக்சன் கடலில் நின்ற கிரேன் கப்பல்

செனாவாங்கிலிருந்து போர்ட்டிக்சனுக்குப் பக்கத்திலிருக்கும் லுக்குட்டுக்கு முப்பது கிலோமீட்டருக்குக் கொஞ்சம் கூடுதல். சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு மல்லிகா அக்காவைக் காரில் ஏற்றிக்கொண்டு கிளம்பினேன்.

அக்காவின் கணவர் சேகர் மாமாவுக்குக் கிரேன் கப்பலில் வேலை. நடுக்கடலில் எண்ணெய் மேடைகளை அப்படியே தூக்கி வைக்கிற, பழையதைக் கழற்றி இறக்குகிற ராட்சதக் கப்பல் அது. சுமைக்குக் கம்பிவடம் மாட்டுவது மாமாவின் பொறுப்பு. புதன்கிழமை சுமை தூக்கும்போது ஒரு வடம் அறுந்து யாருக்கோ அடிபட்டுவிட்டது என்று, மாமாவோடு வேலை செய்பவரின் மனைவி செய்தி அனுப்பியிருந்தார். யாருக்கு என்று அவருக்கும் தெரியவில்லை. அன்றிலிருந்து மாமாவின் போன் அடிக்கவே இல்லை. கம்பெனியில் கேட்டால் "விசாரித்துச் சொல்கிறோம்" என்றார்கள். கப்பல் போர்ட்டிக்சனுக்கு வெளியே நங்கூரம் போட்டிருக்கிறது என்பது மட்டும் தெரிந்தது.

லுக்குட்டில் காதர் பாயைப் பார்த்தோம். நங்கூரம் போட்ட கப்பல்களுக்குக் காய்கறி, மீன் கொண்டுபோய்க் கொடுப்பவர்.

"கப்பல்ல ஏற விடமாட்டாங்க தங்கச்சி. கிட்ட வரைக்கும் கூட்டிட்டுப் போறேன், அவ்ளோதான் லா," என்றார்.

அவர் லாரியின் பின்னாலேயே போர்ட்டிக்சன் போய்ப் படகேறினோம். முக்கால் மணி நேரப் பயணம். முதலில் இரண்டு கோபுரங்கள் மட்டும் தெரிந்தன. நெருங்க நெருங்க அவை கிரேன்கள் என்று புரிந்தது. ஒவ்வொன்றின் கொக்கியும் ஒரு லாரி உயரம். இரண்டும் அசையாமல் நிற்க, ஓரத்திலிருந்த சின்னக் கிரேன் ஒன்று எங்கள் காய்கறிக்காகக் கொக்கியை இறக்கியது. மேலே ஆரஞ்சு உடுப்பும் தொப்பியுமாக நாலைந்து பேர். முகம் எதுவும் தெரியவில்லை.

பாயின் வயர்லெஸ் கரகரத்தது. "போட், ஸ்லோ லா. ஹூக் துருன். தங்ஙான் ஜாகா." கொக்கி இறங்குது, கையைப் பார்த்துக்கோ என்று எச்சரித்த குரல்.

அக்கா என் முழங்கையைப் பிடித்தாள். "தம்பி, உங்க மாமா குரல்."

பாய் வயர்லெஸை நீட்டினார். அவள் வாங்கவில்லை. "சாமான் மேல போவட்டும் பாய். இப்பப் பேசினா அவரு கவனம் செதறிடும்."

காய்கறி வலை ஆடி ஆடி மேலே போய்த் தளத்தில் உட்காரும்வரை அவள் கொக்கியையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம்தான் வாங்கினாள்.

"என்னங்க, மல்லிகா பேசுறேன். கீழ போட்லதான் இருக்கேன்."

ஒரு ஆரஞ்சு உடுப்பு கம்பியோரம் வந்து எட்டிப் பார்த்தது.

"நீ எப்படி இங்க?"

"போன் என்னாச்சு?"

"அன்னிக்கே கடல்ல விழுந்துடுச்சு. ஆபீஸ்ல சொல்லி உனக்குத் தகவல் கொடுக்கச் சொன்னேனே."

"யாரும் சொல்லல. அடிபட்டது யாருக்கு?"

"மீரி ஊர்க்காரரு ஒருத்தரு. கை முறிஞ்சிருச்சு, கரையில ஆஸ்பத்திரியில நல்லா இருக்காரு. எனக்கு ஒரு கீறல்கூட இல்ல."

"அடுத்தவங்க போன்லயாவது கூப்பிடலாம்ல?"

"உன் நம்பர் எனக்கு மனப்பாடம் இல்ல லா."

அக்கா சிரித்தாள், சிரிக்கும்போதே அழுதுவிட்டாள். பிறகு நம்பரை ஒவ்வொரு எண்ணாகச் சொன்னாள், மாமா திருப்பிச் சொன்னார்.

"வயர்லெஸ்ல சொன்னதால இப்ப கப்பல்ல எல்லாருக்கும் இந்த நம்பர் தெரிஞ்சிருக்கும் லா," என்றார் பாய்.

திரும்பும்போது லுக்குட் தாண்டிச் செம்பனைத் தோட்டம் வந்ததுமே அக்கா தூங்கிப்போனாள். செனாவாங் வந்தும் விழிக்கவில்லை. எஞ்சினை அணைத்தால் எழுந்துவிடுவாளே என்று, வீட்டைத் தாண்டிப் போய் எங்கள் குடியிருப்புத் தாமானை ஒரு சுற்று சுற்றினேன்.