பவுல்ராஜின் பழைய நம்பர்

திண்டுக்கல்லில் யார் யாரோடு போனில் கொஞ்சினாலும், சண்டை போட்டாலும், அதில் பாதி பவுல்ராஜ் வெட்டிய குழி வழியாகத்தான் போகிறது. பக்கத்து எரியோடு ஊர்க்காரர். முப்பது வருஷமாகக் கடப்பாரைதான் பிழைப்பு. முதலில் கம்பிக் கேபிள், இப்போது இன்டர்நெட் ஒயர் போகும் ஆரஞ்சுக் குழாய். எத்தனை பதித்தாலும் ஊருக்குப் போதவில்லை. மூடிய ரோட்டை மறுமாதமே இன்னொரு காண்ட்ராக்டர் வந்து தோண்டச் சொல்வார்.

நான்கு வருஷத்துக்கு முன், எந்நேரமும் போனும் கையுமாக இருக்கிறான் என்று மகன் ஆண்டனிராஜின் போனைப் பிடுங்கிச் சுவரில் அடித்தார். "ஏலே, இனி எம் மூஞ்சியில முழிக்காத." அவன் போய்விட்டான். அவனுக்கு மனப்பாடமான நம்பர் அப்பாவுடையது ஒன்றுதான். அன்றிலிருந்து பவுல்ராஜ் குளிக்கப் போனாலும் போன் கூடவே போகும்.

போன வருஷம் குழியில் மண் சரிந்து கால் முறிந்தது. ஏழு மாதம் படுக்கை. ரீசார்ஜ் செய்யட்டுமா என்று மனைவி ஆனந்தமேரி கேட்டதற்கு, "வார போனுக்கு எதுக்கு காசு? ஆயுசுக்கும் இன்கமிங்னு சொல்லித்தான சிம்மு குடுத்தான்" என்றார். எந்தக் காலத்து வாக்கையோ நம்பிக்கொண்டிருந்தார் பாவம். போன் அடிக்காததை மகனின் கோபம் என்றே நினைத்துக்கொண்டார்.

ஊன்றி நடக்க முடிந்ததும் செல்போன் கடைக்குப் போனார்.

"சிம் செத்து ரொம்ப நாளாச்சுய்யா" என்றாள் கடைப் பெண் வினோலியா. "இம்புட்டுப் பேரு கேட்டா நம்பர் எங்க பத்தும்? சும்மா கெடக்குறத வேற ஆளுக்குக் குடுத்துருவாங்க."

அவர் முகத்தைப் பார்த்துவிட்டு, அவளே தன் போனில் அந்த நம்பரைக் கூப்பிட்டுக் கொடுத்தாள். எடுத்தவர் நத்தத்தில் புளி வியாபாரம் செய்யும் ரிஃபாத்.

"ரெண்டு மாசம் முந்தி ஒருத்தரு அப்பான்னு கூப்ட்டாரு. ராங் நம்பர்னேன். விடாம அடிச்சாரு, பிளாக் பண்ணிட்டேன். மன்னிச்சுருங்கய்யா, எனக்குத் தெரியாது."

ரிஃபாத் தன் போனில் தேடி, பிளாக் செய்த அந்த நம்பரைச் சொன்னார். அடித்துப் பார்த்தால், அது பல்லடத்து டீக்கடைக்காரர் ஒருவருடையது.

"ஆமாங்க. ஒரு கால் பண்ணிக்கறேன்னு ஒருத்தரு போன வாங்குனாருங்க. நாலஞ்சு வாட்டி அடிச்சுப் பாத்தாரு. எங்கப்பா நம்பரையே மாத்திட்டாரு, இனிக் கூப்பிட மாட்டேன்னு அழுதாருங்க. எங்க போனாருன்னு தெரியலைங்க."

பவுல்ராஜ் போனைத் திருப்பிக் கொடுத்தார். தான் உடைத்தது ஒரு போனை மட்டும் என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தார்.

வினோலியா ஒரு சிம் அட்டையை எடுத்தாள். "புது சிம் ஒண்ணு போட்டுத் தரவாய்யா?" என்றாள்.

"யாரும்மா கூப்பிடப் போறா" என்றார்.