மஸ்கட்டில் ஒன்பது மணி நேரம்

நைனாவுக்கு முடியவில்லை என்று தங்கை சொன்னதும் குவைத்திலிருந்து கிளம்பினேன். மஸ்கட்டில் அடுத்த விமானத்துக்கு ஒன்பது மணி நேரம் காத்திருக்க வேண்டும். தங்கையைக் கூப்பிட்டு, போனை அவர் காதில் வைக்கச் சொன்னேன். அவருக்குப் பேச்சு நின்றுபோயிருந்தது. நானும் அவரும் ஏரியில் இறால் பிடித்த நாட்களையெல்லாம் சொன்னேன்.

"ஆறு வருசம் முன்னாடி உன்கிட்ட சொல்லாம குவைத்துக்கு வந்தது தப்பு நைனா" என்றேன்.

"நைனா கண்ணுல தண்ணி வருதுண்ணா, பேசிக்கினே இரு" என்றாள் தங்கை.

பேசினேன். மத்தியானத்துக்கு மேல் அவளே குறுக்கிட்டாள். "போதும்ணா. நைனா போய்ட்டாரு."

விமானத்துக்கு இன்னும் இரண்டு மணி நேரம் இருந்தது. போனை அணைக்காமல், வீட்டில் எல்லோரும் அழுவதைக் கேட்டுக்கொண்டே உட்கார்ந்திருந்தேன்.

மறுநாள் எங்கள் ஊர் பசியாவரம் போய்ச் சேர்ந்தபோது உடலை எடுக்காமல் எனக்காக வைத்திருந்தார்கள். அவரிடம் புதிதாகச் சொல்ல எதுவும் இருக்கவில்லை.