பெட்டி நின்ற இடம்

ஆஸ்பத்திரியில் அவருக்கு 'ஸ்கேல்' என்று பெயர். மற்றவர்கள் சட்டைப்பையில் பேனா வைத்துக்கொள்வார்கள்; அவர் ஆறு அங்குல இரும்பு ஸ்கேல் வைத்திருப்பார். பிரிண்டரிலிருந்து தாள் வந்தால் படிக்க மாட்டார், அளப்பார். நோயாளிகளின் விவரங்கள் கம்ப்யூட்டரில் கிடக்கும். தினமும் காலை ஆறு மணிக்கு அவர் எழுதிய புரோகிராம் ஒவ்வொரு நோயாளிக்கும் ஒரு வேர்டு கோப்பைத் தானே தயாரித்து, அச்சடித்து, வார்டுக்கு அனுப்பும். எந்தக் கட்டம் எந்த இடத்தில் நிற்க வேண்டும் என்பதை எண்களால்தான் சொல்ல வேண்டும். அந்த எண்களோடு மல்லுக்கட்டியே பதினோரு வருஷம் போயிருந்தது. மனைவி சுவரில் காலண்டர் மாட்டினால்கூட, சாய்ந்திருக்கிறது என்று கழற்றி மாட்டுகிற மனுஷன். அப்பேர்ப்பட்டவர் கையில்தான் இது நடந்தது.

பெரிய டாக்டர் ஒருநாள் கூப்பிட்டு, நோயாளிக்கு ஒத்துக்கொள்ளாத மருந்தின் பெயர் ஒரு சிவப்புப் பெட்டிக்குள் வர வேண்டும் என்றார். முதல் தாள், வலது பக்கம், மேலிருந்து பன்னிரண்டு சென்டிமீட்டர். ஊசி போடுமுன் நர்ஸ் அந்த இடத்தைப் பார்ப்பார். அங்கே பெட்டி இல்லையென்றால் தாராளமாகப் போடலாம். முதல் தாள் மட்டும் கட்டிலின் கால்மாட்டில் அட்டையில் தொங்கும். இரண்டாம் தாள் நர்ஸ் மேஜையில் இருக்கும். மறுநாள் புதுத் தாள் வந்ததும் பழையது இரண்டும் கிழிக்கிற மிஷினுக்குப் போய்விடும். கம்ப்யூட்டரிலும் பழைய கோப்பு அழிந்து, விவரங்கள் மட்டும் மிஞ்சும். அதுதான் அங்கே வழக்கம்.

பெட்டியின் இடத்தை இரண்டு விதமாகச் சொல்லலாம். தாளின் விளிம்பிலிருந்து இத்தனை என்று சொன்னால் ஆணி அடித்த மாதிரி நிற்கும். ஒரு பத்தியிலிருந்து இத்தனை என்று சொன்னால், பத்தி போகிற இடத்துக்கெல்லாம் பின்னாலேயே போகும். ஸ்கேல், மருந்துப் பட்டியலுக்கு அடுத்த பத்தியோடு அதைக் கட்டிவிட்டார். சோதனைக்கு வைத்திருந்த நோயாளிக்கு ஆறே ஆறு மருந்து. அளந்து பார்த்தார். பன்னிரண்டு, மயிரிழை பிசகவில்லை. ஊரில் உள்ள நோயாளிகள் எல்லாம் ஆறு மருந்தோடு நிறுத்திக்கொள்வார்களா என்ற கேள்வி மட்டும் அந்தக் கெட்டிக்கார மண்டைக்குள் ஏறவில்லை.

எட்டு மாதம் ஒரு குறையும் இல்லை. பட்டியல் சற்று நீண்டால் பெட்டி ஒரு விரற்கடை இறங்கும், அதை யாரும் கண்டுகொள்ளவில்லை. ஒன்பதாம் மாதம் ஒரு லாரி டிரைவர் வந்து படுத்தார். அவருக்கு இருபத்தோரு மருந்து. பட்டியல் முதல் தாளை அடைத்துக்கொண்டது. அடுத்த பத்தி இரண்டாம் தாளுக்குப் போனது, பெட்டியும் கூடவே போனது.

அன்று மத்தியானம் வார்டில் இருந்தவர், இருபத்திரண்டு வருஷ சர்வீஸ் உள்ள நர்ஸ். டாக்டர்கள்கூட அவரை அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். அக்கா அட்டையைப் பார்த்தார். பெட்டி இல்லை. ஊசி போட்டார். கால் மணி நேரத்தில் டிரைவர் போய்விட்டார். கீழே பால் வாங்கப் போயிருந்த அவர் மனைவி, ஃபிளாஸ்க்கோடு திரும்பி வந்து வாசலில் நின்றார்.

டீ நேரத்தில் சேதி கேட்டதும் ஸ்கேல் டம்ளரை வைத்துவிட்டு எழுந்தார். ஓடிப்போய்க் கோப்பைத் திறந்தார். இரண்டாம் தாளில், நட்ட நடுவில், சிவப்பாக நின்றது பெட்டி. இன்னொருவர் சாகக் கூடாது என்று அந்த நிமிஷமே திருத்தினார். பத்தி என்று இருந்த இடத்தில் தாள் என்று மாற்றினார், அவ்வளவுதான் திருத்தம். மறுநாள் காலை வழக்கம்போல் பழைய தாள்கள் மிஷினுக்குப் போயின. அவர் வாய் திறக்கவில்லை. பயந்தார். அதற்கு வேறு நல்ல பெயர் தேட வேண்டாம். பொண்ணு படிப்பு முடியற வரைக்கும் சும்மா இருங்க என்று மனைவியும் சொன்னார்.

மூன்றாம் நாள் விசாரணை. பெட்டி இல்லவே இல்லை, கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தேன் என்று அக்கா சாதித்தார். அன்றைய தாளை மறுபடி அச்சடித்துக் கொண்டுவரச் சொன்னார்கள். கொண்டுவந்தவர் ஸ்கேல்தான். விவரங்கள் அன்றையவை, அவற்றைத் தாளில் வைத்தது திருத்திய புரோகிராம். முதல் தாளில், மேலிருந்து பன்னிரண்டு சென்டிமீட்டரில், பெட்டி பளிச்சென்று நின்றது.

அக்கா அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இவ்ளோ பெருசா இருக்கு," என்றார். "இத எப்படி நான் பாக்காம விட்டேன்?"

தன் தவறு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு வெளியே போனார். வேலையும் போயிற்று. ஸ்கேல் சுவரோரம் மரம்போல் நின்றுகொண்டிருந்தார்.

நாலு மாதம் அவருக்குச் சோறு இறங்கவில்லை. கடைசியில் பெரிய டாக்டரிடம் போய்ச் சொல்லிவிட்டார். அந்தம்மாவே எழுதிக் கொடுத்துவிட்டாள், முடிந்ததைக் கிளறாதே என்று அவர் கதவைக் காட்டினார். அதன்பிறகு ஸ்கேல், பழைய புரோகிராமைத் தேடி எடுத்து, அன்றைய இரண்டு தாள்களையும் அப்படியே அச்சடித்துக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போனார். அக்கா இளைத்திருந்தார். அக்காவின் கணவருக்குத் தினமும் இன்சுலின் போட வேண்டும். அதைப் பக்கத்து வீட்டுப் பெண் வந்து போட்டுவிட்டுப் போனாள். அக்கா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

ஸ்கேல் தாள்களை விரித்து வைத்தார்.

"நீங்க பாத்தது சரிதான்க்கா. அன்னைக்கு முதல் தாள்ல பெட்டி இல்ல. தப்பு என்னோடது."

பத்தி, விளிம்பு என்று எல்லாவற்றையும் விளக்கினார். அக்கா பொறுமையாகக் கேட்டார். இரண்டு தாள்களையும் ஒன்றின் மேல் ஒன்று வைத்து, மடித்து, அவர் கையிலேயே கொடுத்தார்.

"பெட்டிய எங்க வேணும்னாலும் வைக்கத் தெரிஞ்சவன் நீ. எனக்காக இத நகர்த்தி எடுத்துட்டு வந்திருக்க. நல்ல மனசு தம்பி உனக்கு. ஆனா அன்னைக்கு விசாரணை ரூம்ல, பெட்டி இருந்தத நானே பாத்தேனே."

ஸ்கேல் தாள்களை மறுபடி விரித்தார். தன் மகள் தலைமேல் சத்தியம் என்று ஆரம்பித்தார். அக்கா பதறி அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"பொய்ச் சத்தியம் பண்ணாத தம்பி. குழந்தைக்கு ஆகாது."