கேட்டதெல்லாம் கிடைத்த மாதம்

டிசம்பர் பன்னிரண்டாம் தேதி மதியம் மைதிலியும் அவள் அப்பா வேலுசாமியும் ஜனவரி மாதத்து டூட்டி மனுவைப் போட்டார்கள். அவள் பெங்களூர் விமான நிலையத்தில், சீருடையோடு, ஒரு கையில் போனும் மறு கையில் தயிர்சாதமுமாக. அவர் பரமத்தி வேலூர் வீட்டில், மூக்குக்கண்ணாடியும் பஞ்சாங்கமுமாக. இருவரும் சேர்ந்து போட்ட கடைசி மனு அது. அது தெரியாமல் அவள் அவசரமாகப் பேசி வைத்தாள்.

டூட்டி மனு என்பது அவர் வைத்த பெயர். விமானப் பணிப்பெண்கள் எந்த நாள் விடுப்பு வேண்டும், எந்த ஊருக்குப் போக வேண்டும், விடிகாலை விமானம் ஆகுமா ஆகாதா என்பதையெல்லாம் மாதாமாதம் கம்பெனித் தளத்தில் எழுதி அனுப்ப வேண்டும். பன்னிரண்டாம் தேதி மாலை ஆறு மணிக்குக் கதவு சாத்திவிடும். பிறகு கம்ப்யூட்டர் அதிக வருடம் வேலை பார்த்தவர்களிடமிருந்து பந்தியைத் தொடங்கும். மூன்று வருடக்காரி மைதிலியின் இலைக்கு வரும்போது பாயசம், வடை, அப்பளம் எல்லாம் தீர்ந்து ரசம்தான் மிஞ்சியிருக்கும்.

அந்த மாதம் அவளுக்கு வேண்டியது ஒன்றே ஒன்று: ஜனவரி இருபத்தேழும் இருபத்தெட்டும் விடுப்பு. இருபத்தெட்டு, அப்பாவின் நட்சத்திரம். அறுபது முடிந்து, அம்மா கந்தம்மாளுக்கு அவர் மறுபடி தாலி கட்டும் நாள். மைதிலி ஒரே பிள்ளை. கலசத் தண்ணீர் ஊற்ற வேறு ஆள் கிடையாது. நட்சத்திரத்தைத் தள்ளிப்போடவும் முடியாது.

தளம் அன்று காலையிலிருந்து சண்டித்தனம் செய்தது. அவள் விமானம் ஏற வேண்டும். பாஸ்வேர்டை அப்பாவிடம் சொன்னாள்.

"எல்லாத்தையும் எழுதி வெச்சுட்டனுங்கப்பா. சாயந்தரத்துக்குள்ள அனுப்புங்கற பொத்தானை மட்டும் அமுக்குங்க. வேற எதையும் தொடாதீங்க."

"முப்பத்தொரு வருசம் டைம் கீப்பரா இருந்தவன் சாமி நானு. டூட்டி போடறதைப் பத்தி எனக்கே சொல்றயா?"

அந்த இடத்தில் அவள் பயந்திருக்க வேண்டும்.

வேலுசாமி நாமக்கல் பஸ் ஸ்டாண்டில் ஒரு தனியார் பஸ் கம்பெனிக்கு டைம் கீப்பராக இருந்தவர். இரும்பு நாற்காலி, விசில், ஒரு நோட்டு. ஒரு நிமிடம் தாமதமாக வந்த டிரைவரை, மாமன் மச்சான் என்றும் பாராமல் வைவார். அந்தக் கம்பெனியின் மேனேஜருக்கு ஒரு குணம் உண்டு. யார் எந்த நாளில் லீவு கேட்டாலும், அந்த நாளில் அவருக்குத்தான் சேலத்துக்கு நாலு நடை விழும். மாதையன் என்ற டிரைவர் மட்டும் சூட்சுமம் கண்டுபிடித்தார். "ஆடிப் பதினெட்டுக்கு எனக்கே டூட்டி போடுங்க" என்று நேரே போய்க் கேட்டார். இவன் என்னவோ திட்டத்தோடு வருகிறான் என்று மேனேஜர் அன்று அவரை வீட்டுக்கு அனுப்பிவிட்டார். மாதையன் பத்து வருடம் ஆடிப்பெருக்குக்குக் காவிரியில் குளித்தார்.

இருபதாம் தேதி பட்டியல் வந்தது. மைதிலி ஓய்வறையில் போனைத் திறந்தாள். கேட்டவை ஒன்பது, வழங்கப்பட்டவை ஒன்பது. பக்கத்திலிருந்த பதினைந்து வருடச் சீனியர் எட்டிப் பார்த்துவிட்டு, "யாரைடி தெரியும் உனக்கு?" என்றாள். மைதிலிக்கு ஒரு நிமிடம் பெருமையாகக்கூட இருந்தது. பிறகுதான் கேட்டவை என்னென்ன என்று படித்தாள்.

பொங்கல் மூன்று நாளும் டூட்டி. தினமும் விடிகாலை மூன்று மணிக்கு ஆஜர். ஒரே நாளில் நாலு விமானம், அதுவும் வாரத்துக்கு மூன்று முறை. இருபத்தேழாம் தேதி கௌஹாத்தி. இரவு அங்கேயே தங்கி மறுநாள் சாயந்தரம் திரும்புதல்.

"என்னுங்கப்பா பண்ணி வெச்சிருக்கறீங்க?"

"ஏஞ்சாமி, லீவு கெடச்சுதா?"

"கௌஹாத்தி கெடச்சிருக்குதுங்க!"

அந்தப் பக்கம் பஞ்சாங்கத்தை மூடி வைக்கிற சத்தம் கேட்டது.

"கேட்டதை அப்படியே குடுத்துட்டாங்களா?" என்றார், மிகுந்த ஏமாற்றத்தோடு. "அதென்ன சாமி கம்பெனி?"

"அது கம்ப்யூட்டருங்கப்பா. அதுக்கு வீம்பு கெடையாது. நான் எழுதி வெச்சதை அழிச்சுட்டு, மாதையனாட்ட ஆரும் வேண்டாங்கறதை நீங்க கேட்டீங்க. அள்ளிக் குடுத்துருச்சு."

"வீம்பு இல்லாம எப்படி ஆபீஸ் நடத்துவான்?"

பின்னாலிருந்து அம்மா குரல் கேட்டது. "ரெண்டாவது கல்யாணத்துக்கும் இந்த மனுசன் குழி தோண்டீட்டாரு. மொதக் கல்யாணத்துக்கே நாலு மணி நேரம் லேட்டு."

"அன்னைக்கு வந்தது நம்ம கம்பெனி வண்டியில்ல புள்ள, வேற வண்டி" என்றார் அவர்.

ஒரு வழி மிச்சமிருந்தது. அந்த நாளில் விடுப்பு உள்ள இன்னொருத்தியோடு டூட்டியை மாற்றிக்கொள்ளலாம். விசாரித்ததில் அகப்பட்டவள் சௌந்தர்யா, குமாரபாளையத்துப் பெண், அப்பாவுக்கு லுங்கித் தறி. அவள் சும்மா கேட்டுப் பார்த்தாளாம், இருபத்தேழும் இருபத்தெட்டும் கிடைத்துவிட்டதாம். மைதிலி பேசுவதற்குள் வேலுசாமி நம்பரை வாங்கித் தானே பேசிவிட்டார். டூட்டி மாற்றுவதென்றால் ஆளுக்கு ஆள் பேசித்தான் பழக்கம்.

"கண்ணு, நான் பண்ணுன தப்பு. கல்யாணம் என்னுது. உனக்கு என்ன வேணும், சொல்லு."

சௌந்தர்யா சிரித்திருக்கிறாள். "வேலூர்ப் பூவன்பழம்னா எங்கம்மாவுக்கு உசுருங்க. ஒரு தார் குடுங்க, கௌஹாத்தி என்ன, காசிக்கே போறேன்."

"ஒண்ணு எதுக்கு சாமி? மூணு. நானே ஊட்டுக்குக் கொண்டாந்து குடுக்கறேன்."

கம்பெனி மாற்றத்தை ஒப்புக்கொண்டது. சௌந்தர்யா கௌஹாத்தி போனாள்.

இருபத்தெட்டாம் தேதி காலை மைதிலி அப்பா தலையில் தண்ணீர் ஊற்றினாள். அவர் நடுங்கிக்கொண்டே கைக்கடிகாரம் இருக்கிற கையை மட்டும் தண்ணீர் படாமல் நீட்டிக்கொண்டு, "முகூர்த்தம் நாலு நிமிசம் லேட்டுங்க. இந்நேரம் சேலம் வண்டி பொறப்பட்டிருக்கும்" என்று ஐயரை விரட்டினார். ஐயர் ஒரு மந்திரத்தை விழுங்கியதாக அம்மா இன்றும் சொல்கிறாள். தாலி குறித்த நேரத்தில் ஏறியது. அவர் விசில் ஊதவில்லை, அவ்வளவுதான்.

பிப்ரவரி மனுவை மைதிலி தனியாகப் போட்டிருந்தாள். மார்ச்சுக்கும் பாஸ்வேர்டைத் தருவதாக இல்லை. "எம்மேல நம்பிக்கை போச்சா?" என்று கேட்டார். "ஆமாங்க" என்றாள். இருவரும் சிரித்தார்கள்.

பிப்ரவரி எட்டாம் தேதி காலை, பல் விளக்கப் போனவர் தண்ணீர்த் தொட்டியருகே விழுந்தார். மாரடைப்பு. ஆம்புலன்ஸ் பதினாறு நிமிடத்தில் வந்தது. அவருக்கு நோட்டில் எழுத நேரமில்லை.

மைதிலி அன்று ஹைதராபாத்தில் இருந்தாள். மதியம் வந்து சேர்ந்தாள்.

காரியமெல்லாம் முடிந்து மூன்றாம் நாள், காலண்டரில் ஒன்பதாம் தேதிக் கட்டத்தில் அவர் கையெழுத்தைப் பார்த்தாள். "குமாரபாளையம். 3 தார். 7.50 வண்டி. திருச்செங்கோட்டில் மாறணும். கண்டக்டரிடம் குடுக்கக் கூடாது, ரெண்டு சீப்புப் போயிரும்."

வாய்க்கால் ஓரத்தில் இருந்த அவர் வாழைத் தோட்டத்துக்கு நடந்தாள். மூன்று மரங்களில் பழைய துண்டைக் கிழித்து அடையாளம் கட்டியிருந்தார். தார்கள் மூன்றும் மரத்தில்தான் இருந்தன. ஒன்றில் மேல் சீப்பு பழுத்து, அணில் வேலையை ஆரம்பித்திருந்தது.